பழுதும் காரணமும்



நான் 34 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, 2017-ஆம் ஆண்டில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். அத்தகைய ஒருவன் வானொலியில் பேச வந்தால், காலந்தவறாமையைப் பற்றியோ கையெழுத்தின் அழகைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் இன்று நான் பேசப்போவது ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி. அது சாலையில் ஓடும் வண்டியும் அன்று. மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த மண்பாதையில் பந்தயம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. 45 ஆண்டுகள் அசைவின்றிக் கிடந்த அந்த வண்டியைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்த வேலையில், சில மாதங்கள் நானும் உடனிருக்க நேர்ந்தது. அந்தக் கொட்டகையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதை முன்னரே கற்றிருந்தேனாயின், என் மாணவன் ஒருவனுக்கு நீதி செய்திருப்பேன். அந்தப் பாடத்தை உங்களிடம் சொல்லவே வந்திருக்கிறேன்.

என் மகன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில் வேலை பார்க்கிறான். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போய், ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினோம். பிள்ளைகளைப் பார்க்க அயல்நாடு செல்லும் நம்மூர்ப் பெற்றோருக்குப் பகற்பொழுது மிக நீளமானது. மகனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால் வீட்டில் பேச்சொலி இராது. தெருவில் மனித நடமாட்டமும் இராது. ஒருநாள் காலை நடந்துவிட்டுத் திரும்புகையில், அடுத்த வீட்டின் வண்டிக் கொட்டகை திறந்திருந்தது. உள்ளிருந்து வந்த ஒரு வாசனை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாசனை அது. எனக்கு அது புதியதன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் டி.வி.எஸ். 50 வண்டியில் பள்ளிக்குச் சென்றவன் நான். பெட்ரோல் பங்கில் "ஆயில் எவ்வளவு?" என்று கேட்டுக் கைப்பம்பை அழுத்திக் கலந்து கொடுப்பார்களே, அதே வாசனை!

கொட்டகையில் இருந்தவர் ஏறத்தாழ என் வயதினர். தொழிற்சாலை ஒன்றில் கருவிகள் செய்யும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் கதையைச் சொன்னதும் சிரித்தார். ஒரு முக்காலியைத் தூசி தட்டி எனக்குக் கொடுத்தார். அன்றுமுதல் அந்த முக்காலி என்னுடையதாயிற்று.

அங்கு நின்ற வண்டி, ஹோண்டா சி.ஆர். 250 எம் என்னும் 1974-ஆம் ஆண்டு மாதிரி. அதற்கு எல்சினோர் என்று ஒரு பெயரும் உண்டு. அது தென் கலிபோர்னியாவில், ரிவர்சைடு மாவட்டத்தில் உள்ள எல்சினோர் ஏரியையும், அந்த ஊர்ப் பந்தயத்தையும் நினைவூட்டும் பெயர். புரூஸ் பிரவுன் 1971-இல் வெளியிட்ட "ஆன் எனி சண்டே" என்ற செய்திப்படத்தில் அந்தப் பந்தயத்தைக் காணலாம். ஊர்த்தெருக்களிலும் புழுதிப்பாதைகளிலும் நூற்றுக்கணக்கானோர் ஓட்டிச்செல்லும் அந்தக் கூட்டத்தில், புகழ்பெற்ற நடிகர் ஸ்டீவ் மக்குவீனும் ஒருவராக இருந்தார்.

இவ்வகை மண்பந்தயத்துக்கு மோட்டோகிராஸ் என்று பெயர். இது பிறந்த இடம் இங்கிலாந்து. 1924-ஆம் ஆண்டில் கேம்பர்லி என்னும் ஊரில் நடந்த பந்தயத்தையே இதன் தொடக்கமாகக் கொள்வர். பின்னர் இது ஐரோப்பா முழுவதும் பரவிற்று. 1957-இல் உலகப் பட்டப் போட்டியாக உயர்ந்தது. அன்று வென்றவையெல்லாம் கனத்த நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகள். டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு எஞ்சினைப் பலரும் ஏளனமாகவே கருதினர். அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1962-இல் 250 சி.சி. பிரிவின் முதல் உலகப் பட்டத்தை, ஸ்வீடன் நாட்டு டோர்ஸ்டன் ஹால்மன் ஹுஸ்க்வர்னா இரு வீச்சு வண்டியில் வென்றார். 1966-இல் 500 சி.சி. பிரிவிலும் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரெடெரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த சி.இசட். இரு வீச்சு வண்டியில் வாகை சூடினார். நான்கு வீச்சு எஞ்சின்களால் பெயர் பெற்ற ஹோண்டா நிறுவனமும் காலத்தின் போக்கை உணர்ந்தது. 1973-ஆம் ஆண்டுக்கென எல்சினோரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டே கேரி ஜோன்ஸ் என்பவர் அவ்வண்டியில் அமெரிக்க தேசிய 250 சி.சி. பட்டத்தை வென்றார்.

அந்த எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை நீங்கள் இங்கே சிறிது கவனமாகக் கேட்க வேண்டும். பின்னால் வரும் செய்தி முழுதும் இதைப் பற்றியே நிற்கிறது.

நான்கு வீச்சு எஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுவதற்கும், எரிந்த புகையை வெளியே விடுவதற்கும் வால்வுகள் உண்டு. எல்சினோர் போன்ற எளிய இரு வீச்சு எஞ்சினில் அவை இல்லை. சிலிண்டரின் சுவரில் சில துளைகள் மட்டுமே உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் செல்லுகையில் அத்துளைகளை மூடியும் திறந்தும், தானே கதவாகவும் பணி செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது, அதன் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவை இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டுப் பக்கவழிகளின் மூலம் மேலே பாய்கிறது. பழைய புகையை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது.

ஆகவே கீழேயுள்ள கிராங்க் அறை இந்த எஞ்சினின் நுரையீரல் போன்றது. அதில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. எனவேதான் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறோம். அந்த அறை காற்றுப் புகாதபடி இறுக மூடியிருக்கவும் வேண்டும். அறையிலிருந்து இருபுறமும் வெளியே நீளும் சுழல்தண்டைச் சுற்றி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் வளையங்கள் காவல் நிற்கின்றன. ஆயில் சீல் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அந்த வளையத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும். வெளிக்காற்று உள்ளே நுழைந்துவிடும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை அளவுக்கு மீறிய வெப்பத்தோடு எரியும். பெட்ரோலோடு வரவேண்டிய எண்ணெயும் குறைந்துபோகும். பிஸ்டன் விரிந்து, சிலிண்டர் சுவரை உரசி, இறுதியில் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அக்கணமே நின்றுவிடும். ஓட்டுபவனின் கதி என்னாகும் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை.

நண்பரின் வண்டிக்கு நேர்ந்தது அதுவே. அவருடைய தந்தையார் 1976-இல் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். மூத்தவராகிய நண்பரும், இரண்டு வயது இளையவரான அவர் தம்பியும் முறைவைத்து ஓட்டினர். 1977-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், தம்பி நீண்டதொரு மணற்பாதையில் முழு வேகத்தில் சென்றபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் தூக்கி எறியப்பட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. தந்தையார் விரைந்து வந்தார். பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்துவிட்டான் என்பது அவருடைய முடிவு. "நான் அளந்துதான் ஊற்றினேன்" என்று தம்பி சொன்னார். தந்தை நம்பவில்லை. வண்டியைக் கொட்டகையின் மூலையில் தள்ளிப் போர்வையால் மூடினார். பதினாறு வயதுச் சிறுவன் கவனமற்றவன், போதாக்குறைக்குப் பொய்யும் சொல்பவன் என்ற பெயர் அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. அவர் பின்னர் மோட்டார் சைக்கிளைத் தொடவேயில்லை. உரிய வயது வந்ததும் தொலைவான ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். தந்தையாரும் காலமானார். எவரும் திறந்து பார்க்காத அந்த எஞ்சின் மட்டும் அப்படியே இருந்தது.

வண்டியைச் செப்பனிட வேண்டும் என்றால் நாம் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் பிரித்து, கெட்டதை எறிந்து, புதியதைப் போட்டு, வர்ணம் அடித்து முடிப்போம். நண்பர் அவ்வாறு தொடங்கவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் அது இருந்த நிலையிலேயே புகைப்படம் எடுத்தார். கழற்றிய திருகாணிகளைச் சிறு டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டினார். அந்தப் பெயர் எழுதும் பணி எனக்குக் கிடைத்தது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் நுனியில் உள்ள பீங்கான் பகுதி, எஞ்சின் கடைசியாக எவ்வாறு எரிந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரியேறியிருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி, அல்லது வெப்பம் மிகுதி. இந்தப் பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நண்பர் அதைத் துடைக்காமல் ஒரு டப்பாவில் எடுத்து வைத்தார்.

அடுத்து, பிளக் இருந்த துளை வழியே ஊடுருவும் எண்ணெயை ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தார். இடையில் ஒருமுறைகூடக் கிக்கரை மிதித்துப் பார்க்கவில்லை. வலிந்து மிதித்தால் பிஸ்டனில் புதிய கீறல் விழும். பின்னர் எது பழைய கீறல், எது நாம் உண்டாக்கியது என்று பிரித்தறிய இயலாது என்றார். பதினோராம் நாள் சிலிண்டரைச் சற்றே சூடாக்கி, சுழல்தண்டை மெல்லத் திருப்பினார். பிஸ்டன் அசைந்தது.

உடனே எஞ்சினைப் பிரிப்பார் என்று எண்ணினேன். அதற்குமுன் ஒரு சோதனை செய்தார். காற்று உள்ளே வரும் வழியையும் புகை போகும் வழியையும் ரப்பர் அடைப்பான்களால் மூடினார். பிஸ்டனைக் கீழே நிறுத்தி, பிளக் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, கைப்பம்பினால் ஆறு பவுண்டு அழுத்தம் வரை காற்றை ஏற்றினார். நல்ல எஞ்சினானால் அளவுமானியின் முள் சில நிமிடங்களாவது ஏறத்தாழ அதே இடத்தில் நிற்க வேண்டும். இங்கு முள் சரசரவென்று இறங்கிற்று. சோப்பு நீரைத் தடவியபோது, மேக்னெட் சுழலும் பக்கத்துச் சீலைச் சுற்றிக் குமிழிகள் பொங்கின.

"கண்டுபிடித்துவிட்டோம்! தம்பி மேல் குற்றமில்லை" என்று நான் உரக்கச் சொன்னேன். நண்பர் தலையை அசைத்து மறுத்தார். "45 ஆண்டு கிடந்த ரப்பர் எதுவும் காய்ந்து ஒழுகத்தான் செய்யும். இது இன்றைய ஒழுக்கு. அன்றும் ஒழுகியது என்பதற்கு இது சாட்சி ஆகாது" என்றார். வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்த நான் வெட்கமுற்றேன். நாம் விரும்பும் முடிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஆதாரத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு நம் கையில் தளர்ந்துவிடுகிறது. தம்பியைக் குற்றவாளியாக்கிய தந்தையின் அவசரமும், அவரைக் குற்றமற்றவராக்கிய என் அவசரமும் ஒரே இனம் அல்லவா?

பின்னர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனை என் கையில் கொடுத்து, "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். புகை வெளியேறும் துளையின் பக்கம் மட்டும் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது; தலைப்பகுதியின் விளிம்பும் அப்பக்கம் அரித்திருந்தது. மறுபக்கம் பெரும்பாலும் வழவழப்பாகவே இருந்தது. எண்ணெயே கலவாத பெட்ரோலில் ஓடியிருந்தால், கீறல்கள் பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கவேண்டும். சுழல்தண்டின் பேரிங்குகளும் வறண்டு, சூட்டினால் நீலம் பாய்ந்திருக்கவேண்டும் என்று விளக்கினார். இங்கோ பேரிங்குகளின் மேல் பழைய எண்ணெய் பிசின் போல இறுகிப் படிந்திருந்தது. அதைத் துடைத்ததும் உருளைகள் பளிச்சென்று தெரிந்தன. நீலம் எங்கும் இல்லை.

கடைசியாக அந்தச் சீலைக் கழற்றினார். ரப்பர் முழுதும் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தன. அவை முதுமையின் வெடிப்புகள். ஆனால் ஓரிடத்தில் மட்டும், உள்விளிம்பு கத்தியால் அறுத்தாற்போல வெட்டுப்பட்டு உட்புறம் மடிந்திருந்தது. நண்பர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். சுழல்தண்டின் முனையில், மேக்னெட் நழுவாமல் இருப்பதற்காகச் சாவித்துண்டு பொருந்தும் சிறு பள்ளம் ஒன்று உண்டு. அதன் ஓரம் கூர்மையானது. புதிய சீலை அதன் மேலாக அழுத்திச் செலுத்தும்போது, பள்ளத்தை மூடிக்கொள்ளாவிட்டால் அந்த ஓரம் ரப்பரை அறுத்துவிடும். வெட்டின் வடிவம் அதைத்தான் காட்டிற்று. அப்படியானால் வெட்டு விழுந்த நாள், சீலைப் பொருத்திய நாளேயாகும்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த விபத்துக்கு முந்திய வாரம் இந்தச் சீலை மாற்றியவர் என் தந்தை. அருகே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். தம்பியைத் திட்டியபோதும் நான் அங்கே நின்றேன். சீல் மாற்றியது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை."

மாணவர்களே, பிளக், பிஸ்டன், பேரிங், சீல் ஆகிய நான்கு சாட்சிகளும் ஒன்றையே கூறின. எது ஒன்றும் தனியே போதுமானதாக இல்லை. நான்கும் சேர்ந்தபோது மறுக்க இயலவில்லை. தந்தையும் தீயவர் அல்லர். அவர் தம் கையாலேயே பிள்ளைகளுக்காக வேலை செய்தவர். தாம் செய்த பிழையை அறியாமலே மறைந்தவர். எஞ்சினை அன்றே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால், அவரும் அறிந்திருப்பார்.

அன்று மாலை நண்பர் தம் தம்பிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. அது கேட்கத் தகாதது. அந்தப் பழைய சீலை மட்டும் எறியாமல் ஒரு சிறு தகர டப்பாவில் வைத்து, என்னையே நாளிட்டு எழுதச் சொன்னார்.

அதன்பின் நடந்தது செப்பனிடும் வேலை. 70 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போட்டார்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குகளே. மிகுந்தால் ஆடும்; குறைந்தால் மறுபடியும் பிடிக்கும். கார்புரேட்டரின் ஊசித்துளைகளில் படிந்திருந்த பிசினைக் கரைத்து எடுத்தோம். வயிறு பருத்துக் கழுத்துச் சிறுத்த அதன் புகைக்குழாயைத் தட்டித் துப்புரவு செய்தோம்.

அந்தக் குழாயின் வடிவம் அழகுக்காக வந்ததன்று. புகையோடு வெளியேறும் அழுத்த அலை அதன் குறுகிய முனையில் மோதித் திரும்பி வந்து, தப்பியோடும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே மீண்டும் தள்ளுகிறது. இந்த உத்தியை 1950-களில் நுட்பமாக வளர்த்தவர், கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன் என்னும் பொறியாளர். 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அவ்வாண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பிச் சென்று, அந்த அறிவை ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குக் கொடுத்தார். நாம் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு தகரக் குழாய்க்குள் இத்தனை வரலாறு அடங்கியிருக்கிறது!

புதிய சீலைப் பொருத்தும் நாள் வந்தது. நண்பர் அந்தச் சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய நாடாவைச் சுற்றினார். அதன்மேல் கிரீஸ் தடவினார். பிறகு சீலை மெதுவாகச் செலுத்தினார். இம்முறை விளக்கைப் பிடித்தவன் நான். மறுபடியும் ஆறு பவுண்டு காற்று ஏற்றினோம். பத்து நிமிடம் முள் அசையவில்லை.

எல்லாவற்றையும் புதுப்பித்தாரா என்றால், இல்லை. பெட்ரோல் தொட்டி அலுமினியத்தால் ஆனது. ஆகவே துரு இல்லை. ஆனால் அதன் இடப்பக்கம் 1977-இல் விழுந்த குழி ஒன்று இருந்தது. அதைத் தட்டி நிமிர்த்திப் பளபளப்பாக்குவது எளிது. நண்பர் கழுவித் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டார். ஓடுவதற்கும் நிற்பதற்கும் உயிர் காப்பதற்கும் எது தேவையோ அதில் ஒரு குறையும் விடக்கூடாது. பார்வைக்காக மட்டும் வரலாற்றை அழிக்கவும் கூடாது என்பது அவர் கொள்கை. பிரேக் பட்டைகள், கேபிள்கள், டயர்கள், சங்கிலி ஆகியவை புதியன. தொட்டியின் குழி பழையது.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை, ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குக் கால் லிட்டர் எண்ணெய் என அளந்து கலந்தோம். தொலைபேசியில் தம்பி காத்திருந்தார். ஐந்தாவது மிதியில் எஞ்சின் உறுமிற்று. கொட்டகை வாசலெல்லாம் நீலப்புகை. சற்றுநேரம் ஓடவிட்டு நிறுத்தினார். பேசும் கருவியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தபடியால் தம்பியின் குரல் எனக்கும் கேட்டது. 61 வயதுக்காரரின் குரல். "நான் அளந்துதான் ஊற்றினேன்" என்றது. "ஆமாம், நீ அளந்துதான் ஊற்றினாய்" என்றார் அண்ணன். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். 1996-ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வில், பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் ஒரே கணக்கை ஒரே விதமாகத் தவறாகச் செய்திருந்தனர். ஒருவன் வகுப்பில் முதல்வன். மற்றவன் கடைசி வரிசையில் இருப்பவன். யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று முடிவு செய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி வரிசை மாணவன், "நான் பார்த்து எழுதவில்லை, சார்" என்றான். நான் பூச்சியம் போட்டேன். தகப்பனாரை அழைத்து வரச் சொன்னேன். கூலி வேலை செய்யும் அந்த மனிதர் ஒருநாள் கூலியை இழந்து, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னே நின்றார். அடுத்த ஆண்டு அந்தப் பையன் பதினோராம் வகுப்பில் சேரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். நான் காரணம் இல்லை என்றும் சொல்ல என்னால் இயலாது.

அந்த இரண்டு விடைத்தாள்களையும் அருகருகே வைத்துப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் ஏதேனும் தெரிந்திருக்கலாம். தானே முயன்று செய்தவன் தாளில் பெரும்பாலும் அடித்தலும் திருத்தலும் இருக்கும். பார்த்து எழுதியவன் தாள் சுத்தமாக இருக்கும். அன்று நான் பார்த்தது தாளின் மேல் எழுதியிருந்த பெயரை, தாளை அன்று. நோய் இன்னதென அறிவதோடு நில்லாமல், அது எதனால் வந்தது என்பதையும் ஆராயவேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். நண்பரின் தம்பிக்கு ஒரு நற்பேறு இருந்தது. அவருடைய சாட்சி 45 ஆண்டு போர்வைக்குள் காத்திருந்தது. என் மாணவனுடைய விடைத்தாள் அந்தக் கோடை விடுமுறையிலேயே பழைய காகிதக் கடைக்குப் போய்விட்டது. இனி அதைத் திறந்து பார்க்க வழியில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை மருத்துவராவீர்கள், பொறியாளராவீர்கள், என்னைப் போல ஆசிரியராவீர்கள். எல்லோருமே ஒருநாள் ஒரு வீட்டின் பெரியவர்களாவீர்கள். உங்கள் முன்னே பழுதுபட்ட பொருளும் வரும். பழி சுமத்தப்பட்ட மனிதரும் வருவர். அப்போது உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதலில் இருப்பதை இருந்தபடியே பாருங்கள். உங்களுக்குப் பிடித்த முடிவு முதலில் கிடைத்துவிட்டால், அதை இன்னும் ஒருமுறை சோதியுங்கள். பழைய உறுப்பை, அது சொல்வதைக் கேட்டு முடிக்கும் முன்னே எறிந்துவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்று இருக்கும்போது, பிறர் மேல் பழி விழுவதைக் கண்டு விளக்கைப் பிடித்தபடி நிற்காதீர்கள்.

வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய சைக்கிளோ, தைக்கும் இயந்திரமோ இருந்தால், பெரியவர்களின் துணையோடு இந்த விடுமுறையில் பிரித்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியானால் காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில், தெரிந்தவர் உடனிருக்கச் செய்யுங்கள். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஏன் நின்றது என்பதை மட்டும் கண்டுபிடித்துவிடுங்கள்.

1996-ஆம் ஆண்டின் அந்த மாணவர் இன்று நடுவயதை எட்டியிருப்பார். எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், அவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தம்பி, நீ அன்று சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.